முகவரி மட்டும் கைமாறும் இடம்

12 34 56 7எஃப்.

கணினியின் நினைவகத்தில் இப்படி நான்கு பைட்டுகள் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பதினாறடிமான எண்முறையில் எழுதியிருக்கிறேன். ஒரு பைட்டுக்கு இரண்டு குறிகள். இவை எதைச் சொல்கின்றன? ஐபிஎம்மின் வணிகக் கணினிகள் பணத்தைப் பெரும்பாலும் பேக்ட் டெசிமல் என்ற முறையில் வைத்திருக்கும். அதில் ஒவ்வொரு பைட்டிலும் இரண்டு இலக்கங்கள் அடங்கும். கடைசி அரை பைட்டு மட்டும் கூட்டல், கழித்தல் குறிக்கானது: எஃப் என்றால் கூட்டல், டி என்றால் கழித்தல். அந்தக் கணக்கில் இது ஏழு இலக்க எண், 1234567. தசமப் புள்ளி எங்கே? நினைவகத்தில் எங்கும் இல்லை. இரண்டு தசம இடம் என்று ஒரு புரோகிராம் கருதினால் இது 12,345 ரூபாய் 67 காசு. தசமமே கிடையாது என்று இன்னொன்று கருதினால் 12,34,567 ரூபாய். பைனரி முழு எண்ணாகப் படித்தால் 30,54,19,903. ஐபிஎம்மின் எப்சிடிக் எழுத்துமுறையில் படித்தால் முதல் இரண்டும் திரையில் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகள், மூன்றாவது வழக்கமான அமெரிக்கப் பதிப்பில் î என்ற எழுத்து, நான்காவது ஓர் இரட்டை மேற்கோள்குறி.

நான்கும் சரியான வாசிப்புகளே. பைட்டுக்குத் தன்னைப் பற்றி எதுவும் தெரியாது. வாசிப்பவர் எந்த எதிர்பார்ப்போடு வருகிறாரோ அதுதான் அதன் பொருள். ஒரே புரோகிராமுக்குள் இதனால் ஆபத்து எழுவதில்லை. ஒவ்வொரு மாறிக்கும் வகை, நீளம், தசம இடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறோம். கம்பைலர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்த மாறியைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் சரியான வாசிப்பையே பயன்படுத்துகிறது. ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமை அழைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அழைப்பவரும் அழைக்கப்படுபவரும் தனித்தனியாகக் கம்பைல் ஆனவர்கள். ஒருவருடைய அறிவிப்புகளை மற்றவர் பார்த்ததே இல்லை.

ஆர்பிஜி என்ற மொழியில் இந்தச் சிக்கல் எப்படி எழுந்தது, எப்படிப் பெருமளவு தீர்ந்தது என்பது, வெளியே அதிகம் பேசப்படாத ஓர் அழகான கதை.

1959-இல் ஐபிஎம் 1401 கணினிக்காகப் பிறந்த மொழி ஆர்பிஜி. ரிப்போர்ட் புரோகிராம் ஜெனரேட்டர் என்பதன் சுருக்கம் அது. அதுவரை வணிகக் கணக்கு போட்டவை ஐபிஎம் 407 போன்ற இயந்திரங்கள்: துளையட்டைகளை ஒவ்வொன்றாக விழுங்கி, கூட்டி, பட்டியலாக அச்சிட்டுத் தரும். எதைக் கூட்டுவது, எந்த நெடுவரிசையில் அச்சிடுவது என்பதையெல்லாம் ஒரு பலகையில் கம்பிகளைச் செருகித்தான் சொல்லவேண்டும். அந்தக் கம்பிப் பலகையோடு பழகியவர்கள் எளிதில் கணினிக்கு மாறுவதற்காகவே ஆர்பிஜி அமைந்தது. அதனால் அது வாக்கியங்களால் ஆன மொழியாக இல்லாமல், நிரப்பவேண்டிய படிவமாக இருந்தது. 80 நெடுவரிசை அட்டையில் ஆறாவது இடத்தில் உள்ள எழுத்து அந்த வரி என்ன வகை என்று சொல்லும். மற்ற ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பொருள். ஓர் எழுத்து ஒரு கட்டம் தள்ளிப் போனால் புரோகிராமே வேறாகிவிடும்.

அப்படிப்பட்ட புரோகிராம் தனி ஆள். அட்டையை வாசி, கணக்கிடு, அச்சிடு, அடுத்த அட்டை. இன்னொருவரைக் கூப்பிடும் தேவை பெரிதாக இல்லை. மினசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரிலுள்ள ஐபிஎம் ஆலையில் 1969-இல் சிஸ்டம்/3 வந்தது, கூடவே ஆர்பிஜி II. அதே ஆலையிலிருந்து 1978-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/38-உடன் ஆர்பிஜி III. இந்த மூன்றாவது பிறவியில்தான் ஒரு புரோகிராம் இன்னொன்றைக் 'கால்' செய்வது இயல்பான காரியமானது. 1988 ஜூன் 21 அன்று வெளியான ஏஎஸ்/400 இந்த வழியை உலகெங்கும் வங்கிகளுக்கும் கிடங்குகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் கொண்டுசென்றது. இன்று அதன் வழித்தோன்றல் ஐபிஎம் ஐ என்ற பெயரில் பவர் சர்வர்களில் ஓடுகிறது. சென்னை ஐடி நிறுவனங்களில் ஏஎஸ்400 பிரிவு என்று இன்னும் சொல்வது இந்த வேலையைத்தான்.

அழைப்பின்போது என்ன கைமாறுகிறது என்று பார்க்கலாம். சரக்குக் கணக்கு எழுதும் புரோகிராம், வரியைக் கணக்கிடும் புரோகிராமை அழைக்கிறது. தொகையைத் தருகிறது, வரியை எதிர்பார்க்கிறது. உண்மையில் தொகை எங்கும் போவதில்லை. தொகை இருக்கும் இடத்தின் முகவரிதான் போகிறது. வரி எழுதப்படவேண்டிய இடத்தின் முகவரியும் கூடவே போகிறது. எத்தனை முகவரிகள் வந்தன என்ற எண்ணிக்கை அழைக்கப்பட்டவருக்குத் தெரியும். அவ்வளவுதான். அந்த முகவரியில் இருப்பது எண்ணா எழுத்தா, எத்தனை பைட்டு, எத்தனை தசமம் என்று ஒரு சொல்லும் கூடப் போவதில்லை.

சுவர் வைக்காமல் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளை நினைத்துக்கொள்ளலாம். வரும் விருந்தாளிக்குக் கதவு எண் மட்டும் சொல்லியிருக்கிறோம். உள்ளே எத்தனை அறை என்பதில் அவருக்கு ஏற்கெனவே ஒரு முடிவு இருக்கிறது. நம் வீட்டில் ஒரே அறை, அவர் கணக்கில் இரண்டு. இரண்டாவது அறை என்று நினைத்து அவர் பெட்டியை இறக்கிவைப்பது பக்கத்து வீட்டுக்காரர் கூடத்தில்.

இதில் வியப்பு என்னவென்றால், இந்தக் கணினி முகவரிகளை மிகக் கடுமையாகப் பாதுகாக்கிறது. சிஸ்டம்/38 காலத்திலிருந்தே ஒரு முகவரிக்கு 16 பைட்டுகள். அதோடு, புரோகிராம் எதுவும் நேரடியாகத் தொடமுடியாத ஓர் அடையாளப் பிட்டை வன்பொருளே வைத்திருக்கிறது. யாராவது சாதாரணத் தரவை எழுதி முகவரி போலக் காட்ட முயன்றால் அந்த அடையாளம் அழிந்துவிடும். இயந்திரம் அதை ஏற்காது. போலி முகவரி செய்ய வழியே இல்லாத கணினி. ஆனால் உண்மையான முகவரியை வாங்கியவர் அங்கிருந்து எத்தனை பைட்டு தாண்டி நடப்பார் என்பதை அது கேட்பதில்லை.

அளவு ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும்? மூன்று விதமாக ஆகலாம். அதில் சத்தம் போடுவதுதான் நல்லது.

அழைப்பவர் ஏழு இலக்கம் இரண்டு தசமம் என்று தொகையை வைத்திருக்கிறார், நான்கு பைட்டு. அழைக்கப்பட்டவர் ஒன்பது இலக்கம் இரண்டு தசமம் என்று எதிர்பார்க்கிறார், ஐந்து பைட்டு. மேலே பார்த்த நான்கையும் படித்துவிட்டு அடுத்த வீட்டின் முதல் பைட்டையும் சேர்த்துக்கொள்கிறார். அங்கே வெற்றிடம் நிரப்பிய ஒரு பெயர்ப் புலம் இருந்தால் அந்தப் பைட்டு 40, எப்சிடிக்கில் வெற்றிடத்துக்கான குறி. இப்போது கையில் இருப்பது 12 34 56 7எஃப் 40. இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் எஃப், குறி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூஜ்யம். இப்படி ஓர் எண் இருக்கமுடியாது என்று இயந்திரம் கண்டுபிடித்து, எம்சிஎச்1202, டெசிமல் டேட்டா எரர் என்று ஜாபை நிறுத்திவிடும். ஏஎஸ்400-இல் வேலை பார்த்த எவரும் மறக்காத செய்தி எண் அது. இரவு இரண்டு மணிக்கு ஆபரேட்டர் தொலைபேசியில் வாசித்துக்காட்டும் எண்ணும் அதுவே.

இரண்டாவது வகையில் சத்தமே இருக்காது. இருவருக்கும் ஏழு இலக்கம், இருவருக்கும் நான்கு பைட்டு, தசமம் மட்டும் ஒருவருக்கு இரண்டு, மற்றவருக்குப் பூஜ்யம். பைட்டுகள் அத்தனையும் செல்லுபடியானவை. இயந்திரத்துக்குப் புகார் சொல்ல எதுவும் இல்லை. 12,345 ரூபாய் 67 காசுக்கு விதிக்கவேண்டிய வரி 12,34,567 ரூபாய்க்கு விதிக்கப்படுகிறது. இதை ஒரு மனிதர் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும்.

மூன்றாவது வகைதான் கொடியது. அழைப்பவர் ஐந்து எழுத்துக் குறியீட்டுப் புலம் ஒன்றின் முகவரியைத் தருகிறார். அழைக்கப்பட்டவர் அதைப் பத்து எழுத்தாக அறிவித்திருக்கிறார். அதில் 'ஏபி' என்று இரண்டு எழுத்தை மட்டும் எழுதினாலும், மீதி எட்டு இடத்தையும் வெற்றிடத்தால் நிரப்புவது ஆர்பிஜியின் வழக்கம். ஆக, அழைத்தவருடைய புலத்தைத் தாண்டி ஐந்து பைட்டுகள் அழிகின்றன. அங்கே தள்ளுபடி விகிதம் இருந்திருந்தால் அது 40 40 40 ஆகிவிடும். அழைப்பு நல்லபடியாக முடிந்து திரும்பிவிடும். எத்தனையோ வரிகள் கழித்து, வேறு ஏதோ கணக்கின் நடுவே, தள்ளுபடியைத் தொடும்போது ஜாப் விழும். குற்றம் நடந்த இடம் ஒன்று, பிடிபடும் இடம் வேறு. இன்னும் மோசம், புலத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கும் என்பது கம்பைலர் மாறிகளை அடுக்கும் விதத்தைப் பொறுத்தது. சம்பந்தமில்லாத ஒரு மாறியைப் புதிதாகச் சேர்த்துக் கம்பைல் செய்தால் அடுக்கு மாறும், ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்த பிழை திடீரென்று எழும். மாற்றம் செய்தவரோ அந்த அழைப்பின் பக்கமே போயிருக்கமாட்டார்.

கட்டளை வரியிலிருந்து புரோகிராமை அழைக்கும்போது இதே குணம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். சோதித்துப் பார்க்க 123 என்ற எண்ணைத் தட்டி ஒரு புரோகிராமைக் கால் செய்கிறோம். நாம் தட்டிய எண்ணைக் கணினி எந்த அளவில் அனுப்பவேண்டும்? அதற்கென்று ஒரு நிலையான விதி: 15 இலக்கம், அதில் 5 தசமம், எட்டு பைட்டு. நினைவகத்தில் அது 00 00 00 01 23 00 00 0எஃப். வாங்கும் புரோகிராம் ஐந்து இலக்க முழு எண்ணை எதிர்பார்த்தால் முதல் மூன்று பைட்டை மட்டும் எடுக்கும்: 00 00 00. கடைசி அரை பைட்டில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இல்லை, மறுபடி எம்சிஎச்1202. 123 என்று சரியாகத்தான் தட்டினோம், புரோகிராமும் சரியாகத்தான் எழுதியிருக்கிறது, இருந்தும் விழுகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்த இடத்தில் திகைத்து நிற்பது இயல்பு.

எழுத்துகளுக்கு வேறு விதி. 32 எழுத்துக்குக் குறைவாகத் தட்டினால் வெற்றிடம் சேர்த்து 32 ஆக்கி அனுப்பும். வாங்குபவர் 20 எழுத்தை எதிர்பார்த்தால் எல்லாம் நலம். 50 எழுத்தை எதிர்பார்த்தால், 32-க்கு அப்பால் உள்ள 18 பைட்டுகளில் அன்றைக்கு நினைவகத்தில் என்ன கிடந்ததோ அதுதான் வரும். அடுத்த பாராமீட்டரின் எழுத்துகளே ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. சோதனையில் பெயர் அழகாக வந்திருக்கும். உண்மையான ஓட்டத்தில் பெயருக்குப் பின்னால் குப்பை தொங்கும்.

இத்தனைக்கும் பழைய ஆர்பிஜி புரோகிராமர்கள் கையாண்ட தற்காப்பு, ஒழுக்கம் மட்டுமே. அழைக்கப்படும் புரோகிராமில் என்ட்ரி பிளிஸ்ட் என்ற தலைப்பின் கீழ் ஒவ்வொரு பார்ம் வரியிலும் புலத்தின் பெயரும் நீளமும் தசமமும் இருக்கும். அழைப்பவர் அதைப் பார்த்து, தன் பக்கத்தில் அதே அளவில் ஒரு தற்காலிக மாறியை அமைத்து, மதிப்பை அதில் நகலெடுத்து, அதன் முகவரியை அனுப்பவேண்டும். பார்ம் வரியிலேயே இதற்கு ஒரு வசதியும் இருந்தது: வரியின் இரண்டாம் காரணியில் ஒரு புலத்தை எழுதினால் அழைப்புக்கு முன் அதன் மதிப்பு தற்காலிக மாறிக்குப் போகும், முதல் காரணியில் எழுதினால் அழைப்பு முடிந்ததும் மதிப்பு அங்கே திரும்பி வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தற்காலிக மாறியின் அளவு சரியா என்று பார்க்க ஒருவரும் இல்லை. மனிதக் கண் தவறவிட்டால் தவறியதுதான்.

1994-இல் ஆர்பிஜி IV வந்தது. அதன் பின் சில ஆண்டுகளுக்குள் மொழியில் சேர்ந்தது புரோட்டோடைப். அதில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு புரோகிராமை அழைக்க எந்தப் பெயர், எத்தனை பாராமீட்டர், ஒவ்வொன்றும் எந்த வகை, எத்தனை இலக்கம், எத்தனை தசமம், அழைக்கப்பட்டவர் அதை மாற்றலாமா கூடாதா என்று சொல்லும் சில வரிகள். அது ஓடாது, ஒரு கணக்கும் போடாது, நினைவகத்தில் ஓர் இடமும் கேட்காது. கம்பைலர் படிப்பதற்காக மட்டுமே எழுதப்படும் எழுத்து. முதலில் அறிவிப்புகளுக்கான டி வரிகளில் 24, 25-ஆம் கட்டங்களில் பிஆர் என்று எழுதவேண்டியிருந்தது. 2013 முதல் கட்டங்களை எண்ணாமல் டிசிஎல்-பிஆர் என்று தொடங்கி எண்ட்-பிஆர் என்று முடித்துவிடலாம். நடுவில் ஒவ்வொரு பாராமீட்டருக்கும் ஒரு வரி: தொகை, பேக்ட், 7:2. வரி, பேக்ட், 7:2. எந்தப் புரோகிராமை அழைக்கவேண்டும் என்பது எக்ஸ்ட்பிஜிஎம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்.

இந்த யோசனை ஆர்பிஜியில் முளைத்ததில்லை. கெர்னிகனும் ரிச்சியும் 1978-இல் எழுதிய புத்தகத்தில் விவரித்த சி மொழியிலும் இதே ஓட்டை இருந்தது: வெளியே உள்ள ஒரு ஃபங்ஷன் என்ன வகை விடை தரும் என்று அறிவிக்கலாம், என்ன வகைப் பாராமீட்டர்களை வாங்கும் என்று அறிவிக்க வழியில்லை. சி++ அதை அடைத்தது. 1989-இல் சி மொழிக்கு அமெரிக்கத் தரம் வந்தபோது அங்கிருந்து புரோட்டோடைப்பை எடுத்துக்கொண்டது. தனித்தனியே கம்பைல் ஆகும் துண்டுகளைச் சேர்த்துப் பெரிய அமைப்பு கட்டிய மொழிகள் பலவும் இந்த வலியை அனுபவித்திருக்கின்றன. ஆர்பிஜிக்கு வலி கூடுதல். ஏனென்றால் அது கையாள்வது பணம். பேக்ட் டெசிமலில் வகை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, இலக்கமும் தசமமும்கூட ஒத்துப்போகவேண்டும்.

புரோட்டோடைப் இருந்தால் கம்பைலரின் நடத்தை மாறிவிடுகிறது. ஒன்பது இலக்கப் புலத்தை ஏழு இலக்கப் பாராமீட்டருக்குக் கொடுத்தால் கம்பைல் ஆகாது. எழுத்தை எண்ணின் இடத்தில் கொடுத்தால் ஆகாது. ஒரு பாராமீட்டரை விட்டுவிட்டால் ஆகாது. இரவு இரண்டு மணிக்கு விழவேண்டிய பிழை, பகலில், எழுதியவர் கண் முன்னாலேயே விழுகிறது. இதைவிட மதிப்பான இடமாற்றம் மென்பொருளில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

எழுத்துப் புலங்களுக்கான விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. பத்து எழுத்து என்று புரோட்டோடைப் சொன்னால், பதினைந்து எழுத்துப் புலத்தைத் தரலாம். ஐந்து எழுத்துப் புலத்தைத் தரமுடியாது. ஏன் இந்தப் பாகுபாடு? அழைக்கப்பட்டவர் பத்து பைட்டுக்கு மேல் நடக்கமாட்டார். பதினைந்து தந்தால் நம் இடத்துக்குள்ளேயே நிற்பார், ஐந்து தந்தால் வெளியே போய்விடுவார். மேலே சொன்ன மூன்றாவது வகைக் கொடுமையை இந்த ஒரு விதி நேராகத் தடுக்கிறது.

என்னை மிகவும் கவர்ந்தது கான்ஸ்ட் என்ற ஒரு சொல். பாராமீட்டர் வரியின் கடைசியில் இதைச் சேர்த்தால், 'அழைக்கப்படுபவர் இதை வாசிக்கமட்டும் செய்வார், மாற்றமாட்டார்' என்று பொருள். மாற்றமாட்டார் என்று தெரிந்துவிட்டால், அவர் நம்முடைய அசல் மாறியைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. கம்பைலர் சரியான அளவில் ஒரு தற்காலிக இடத்தைத் தானே ஒதுக்கி, நாம் தந்ததை அதில் மாற்றி வைத்து, அதன் முகவரியை அனுப்புகிறது. ஐந்து இலக்க எண்ணைத் தரலாம், ஏழாகும். அளவும் விலையும் பெருக்கிய கோவையை அப்படியே தரலாம். வெறும் 100 என்று எழுதலாம். ஒரு வடிவத்தில் உள்ள தேதியை வேறு வடிவத்தை எதிர்பார்ப்பவருக்குத் தரலாம். முன்பு பார்ம் வரியின் இரண்டாம் காரணியைக் கொண்டு மனிதர் கையால் செய்த அதே வேலை. இப்போது அளவு தவறவே முடியாது, ஏனென்றால் தற்காலிக இடத்தின் அளவைப் புரோட்டோடைப்பிலிருந்தே எடுக்கிறது. எழுதுபவருக்கு வேலை குறைந்து, அதே நேரத்தில் பாதுகாப்பு கூடுவது அபூர்வம். பொதுவாக ஒன்றைப் பெற மற்றதை இழக்கவேண்டியிருக்கும்.

'மாற்றமாட்டார்' என்ற வாக்குறுதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஃபோர்ட்ரானின் பழைய அனுபவம் ஒன்று உண்டு. அங்கும் முகவரிதான் கைமாறும். 2 என்ற மாறிலியைப் பாராமீட்டராகத் தந்து, அழைக்கப்பட்ட சப்ரொட்டீன் அதில் 3 என்று எழுதிவிட்டால், சில பழைய கம்பைலர்களில் அதன் பிறகு அந்தப் புரோகிராமில் 2 என்று எழுதிய இடமெல்லாம் 3 ஆகிவிடும். ஆர்பிஜியில், மாற்றக்கூடிய பாராமீட்டராக அறிவித்த இடத்தில் 100 என்று மாறிலியை எழுதினால் கம்பைலர் மறுத்துவிடும்.

இதுவரை சொன்னது பாதிதான். அழைப்பவர் புரோட்டோடைப்பை மதித்து நடக்கிறார், சரி. புரோட்டோடைப்பே தவறாக இருந்தால்? ஏழு இலக்கம் என்று அதில் எழுதியிருக்கிறது, அழைக்கப்படும் புரோகிராமோ ஒன்பதை எதிர்பார்க்கிறது என்றால்? கம்பைலர் முழு நம்பிக்கையோடு தவறான அளவை அனுப்பும். கம்பைல் செய்யும் நேரத்தில் அது அழைக்கப்படும் புரோகிராமைத் தேடிப்போய்ப் பார்ப்பதில்லை. அந்தப் புரோகிராம் அந்தக் கணினியில் அப்போது இருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

இதற்கான மருந்து எளியது, அதனாலேயே எனக்கு அழகாகத் தெரிகிறது. புரோட்டோடைப்பைத் தனியாக ஒரு சோர்ஸ் மெம்பரில் ஒரே ஒரு முறை எழுதுவது. அழைப்பவர்கள் எல்லோரும் /காப்பி என்ற கட்டளையால் அதைத் தங்களுக்குள் கொண்டுவருவார்கள். அழைக்கப்படும் புரோகிராமும் அதே மெம்பரைக் கொண்டுவரும். தன்னைத் தானே அழைத்துக்கொள்ளப் போவதில்லையே, அதற்கு எதற்கு? அந்தப் புரோகிராமுக்குள் புரொசீஜர் இன்டர்ஃபேஸ், சுருக்கமாகப் பிஐ, என்ற பகுதி இருக்கும். தான் உண்மையில் எதை வாங்குகிறேன் என்று அது அறிவிக்கும் இடம். புரோட்டோடைப்பும் பிஐயும் ஒரே கம்பைலில் சந்தித்தால், கம்பைலர் இரண்டையும் பாராமீட்டர் பாராமீட்டராக ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்றில் ஏழு, மற்றதில் ஒன்பது என்றால் அந்தப் புரோகிராம் கம்பைலே ஆகாது. இரு புரோகிராம்கள் ஒருவரையொருவர் பார்க்காமலேயே, நடுவில் உள்ள ஒரே எழுத்தோடு தனித்தனியாக ஒத்துப்போய், அதன் வழியாகத் தங்களுக்குள்ளும் ஒத்துப்போகின்றன.

2010-இல் வந்த ஐபிஎம் ஐ 7.1 பதிப்பிலிருந்து பிஐ மட்டும் இருந்தாலே போதும், அதே மெம்பருக்குள் புரோட்டோடைப் கட்டாயமில்லை என்று ஆக்கினார்கள். ஒரே சோர்ஸுக்குள் பயன்படும் சிறு புரொசீஜர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஒன்றையே இரண்டு முறை எழுதும் தொல்லை போயிற்று. வெளியாட்கள் அழைக்கும் புரோகிராமில் மட்டும் இந்தச் சலுகையைப் பயன்படுத்தக்கூடாது என்பேன். அங்கே அந்த /காப்பி வரியை எடுத்துவிட்டால் ஒப்பிடும் வேலையும் போய்விடுகிறது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இந்த ஒப்பந்தம் கம்பைல் நடக்கும் நேரத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. விலைவாசி ஏறுகிறது, ஏழு இலக்கத் தொகை போதவில்லை, ஒன்பதாக்குகிறார்கள். புரோட்டோடைப் மெம்பரில் ஒரே இடத்தில் மாற்றம். 2008-இல் வந்த டெம்ப்ளேட் என்ற வசதியைப் பயன்படுத்தித் தொகைக்கென்று ஒரு வகையை வரையறுத்து, எல்லாப் பாராமீட்டர்களையும் அதைப் போல என்று அறிவித்திருந்தால் இன்னும் சுலபம். ஆனால் நேற்றுக் கம்பைல் ஆன புரோகிராம்கள் நேற்றைய ஒப்பந்தத்தைத் தங்களுக்குள் உறையவைத்துக்கொண்டு கிடக்கின்றன. அவை ஒவ்வொன்றையும் மறுபடி கம்பைல் செய்தாகவேண்டும். மாதக் கடைசியில் ஒருமுறை மட்டும் ஓடும் ஏதோ ஒரு புரோகிராம் விடுபட்டால், அது இன்னும் நான்கு பைட்டையே நீட்டும்.

சர்வீஸ் புரோகிராம் என்ற தொகுப்பு முறையில் சிக்னேச்சர் என்று ஒரு சரிபார்ப்பு உண்டே, அது காப்பாற்றாதா என்று ஏஎஸ்400 தெரிந்தவர்கள் கேட்கலாம். தொகுப்பு வெளியே தரும் புரொசீஜர்களின் பெயர், வரிசை ஆகியவற்றிலிருந்து வழக்கமாக உருவாகும் அடையாளம் அது. பெயரோ வரிசையோ மாறினால் பழைய அழைப்பாளர்களை அது தடுக்கும். பாராமீட்டர்கள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஏழு ஒன்பதானால் அதற்குத் தெரியாது. சி++ இந்த விஷயத்தில் வேறு வழியில் போனது: பாராமீட்டர் வகைகளையே ஃபங்ஷனின் உட்பெயரோடு பின்னிவிடுவதால், வகை மாறினால் பெயரே மாறி, இணைப்பு முறிந்துவிடும். ஆர்பிஜி உலகில் அந்த அளவுக்குப் பிணைப்பு இல்லை.

புரோட்டோடைப் பார்ப்பது உருவத்தை மட்டும் என்பதையும் சொல்லவேண்டும். அளவும் விலையும் இரண்டுமே பேக்ட் 7:2 என்றால், அவற்றை இடம் மாற்றி எழுதினாலும் கம்பைலர் மகிழ்ச்சியாக ஏற்கும். ரூபாயைத் தரவேண்டிய இடத்தில் டாலரைத் தந்தாலும் அப்படியே. பாராமீட்டர்களுக்குப் புரோட்டோடைப்பில் எழுதும் பெயர்களைக் கம்பைலர் பொருட்படுத்துவதில்லை. படிக்கும் மனிதருக்காக அவை இருக்கின்றன. அதனாலேயே அந்தப் பெயர்களை அக்கறையோடு வைக்கவேண்டும்.

வளரும் அமைப்புக்கு இன்னொரு வரப்பிரசாதம் நோபாஸ் என்ற தெரிவு. வரிப் புரோகிராமுக்கு மாநிலக் குறியீடு என்று மூன்றாவது பாராமீட்டர் தேவைப்படுகிறது. எங்கெங்கோ இருந்து அழைக்கும் அத்தனை புரோகிராம்களையும் அதற்காகத் திறக்கவேண்டுமா? வேண்டாம். மூன்றாவதை நோபாஸ் என்று அறிவித்தால், அதைத் தராமலும் அழைக்கலாம். பழையவர்கள் இரண்டைத் தருவார்கள், புதியவர்கள் மூன்றைத் தருவார்கள். வரிசையின் நடுவில் உள்ளதை இப்படி விடமுடியாது. ஒன்று நோபாஸ் ஆனால் அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் நோபாஸாக இருக்கவேண்டும். நடுவில் உள்ளதை விட ஓமிட் என்ற தெரிவு: அந்த இடத்தில் வெற்று முகவரி போகும். அழைக்கப்பட்டவர் முதலில் எத்தனை வந்தன என்று எண்ணிப் பார்க்கவேண்டும். எண்ணாமல் வராத பாராமீட்டரைத் தொட்டால் எம்சிஎச்3601, முகவரி இல்லை என்ற செய்தி. மூன்றாவதா நான்காவதா என்று கையால் எண்ணி எழுதுவதில் வரும் தவறைத் தவிர்க்க, பாராமீட்டரின் பெயரைச் சொன்னால் அதன் வரிசை எண்ணைத் தரும் பார்ம்நம் என்ற உள்ளமைந்த ஃபங்ஷனையும் 7.1 பதிப்பில் சேர்த்தார்கள்.

இந்தக் கணினியில் இவ்வளவு கவனம் தேவைப்படுவதற்குக் காரணம் அதன் நீண்ட ஆயுள். 1995-இல் ஏஎஸ்/400 தன் செயலியை 48 பிட் முகவரியிலிருந்து 64 பிட் பவர்பிசிக்கு மாற்றியபோது, தேவையான உள்விவரங்கள் நீக்கப்படாத புரோகிராம்களைச் சோர்ஸ் இல்லாமலேயே கணினி தானாக மொழிபெயர்த்துக்கொண்டது. ஆகவே ஆர்பிஜி III-இல் எழுதிய வரிக் கணக்கை, இந்த ஆண்டு எழுதிய புரோகிராம் அழைப்பது சாதாரண நிகழ்வு. எழுதிய இருவரும் ஒரே காலத்தில் வேலையில் இருந்திருக்கவே மாட்டார்கள்.

அப்படிப்பட்ட பழைய புரோகிராமுக்குப் புரோட்டோடைப் எழுத அதன் ஒரு வரியையும் தொடவேண்டியதில்லை. அதன் என்ட்ரி பிளிஸ்டைத் திறந்து, ஒவ்வொரு பார்ம் வரியையும் பார்த்து, அதே வகையும் அதே நீளமும் அதே தசமமும் உள்ள புரோட்டோடைப்பை எழுதிக்கொள்ளலாம். அழைப்பவர்களுக்கு அன்றிலிருந்தே கம்பைலரின் காவல் கிடைத்துவிடும். பார்ம் வரியில் நீளம் எழுதாமல், புலம் வேறெங்கோ வரையறுக்கப்பட்டிருந்தால் கம்பைல் லிஸ்டிங்கின் கடைசியில் உள்ள புலப் பட்டியலில் தேடவேண்டும். சோர்ஸே தொலைந்துவிட்டால்தான் கஷ்டம். புரோகிராமை விவரம் காட்டச் சொன்னால் எத்தனை பாராமீட்டர் என்பதைச் சொல்லும், ஒவ்வொன்றின் அளவையும் சொல்லாது. அப்போது ஏற்கெனவே அதைச் சரியாக அழைத்துக்கொண்டிருக்கும் புரோகிராம்களைத் தேடிப் பிடித்து, அவை எந்த அளவில் தருகின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.

புதிதாக எழுதுபவற்றுக்கு அந்தக் கஷ்டம் வராமலிருக்க ஒரு வசதி உண்டு. பிஜிஎம்இன்ஃபோ என்ற சொல்லைச் சோர்ஸின் தலைப்பில் சேர்த்தால், பாராமீட்டர்களின் முழு விவரத்தையும் பிசிஎம்எல் என்ற வடிவத்தில் எழுதி, கம்பைலான பொருளுக்குள்ளேயே வைத்துவிடலாம். ஆர்பிஜி புரோகிராமை வெப் சர்வீஸாக வெளியே திறக்கும் ஐபிஎம்மின் கருவி அந்த விவரத்தைப் படித்துத்தான் வேலை செய்கிறது. ஜாவாவில் இருந்து அழைக்கவும் அதே வடிவம் பயன்படுகிறது. சோர்ஸ் காணாமல் போனாலும், அந்தப் பொருளைத் திறந்து எந்தப் பாராமீட்டர் எத்தனை இலக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புரோட்டோடைப்பையும் அதைப் பார்த்தே எழுதிவிடலாம்.